லைப்ரரி வாய் திறக்காவிட்டால்: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ஒன்-நார்த்திலோ வேலை பார்க்கும் நம்மவர்களிடம் கேட்டால், பெரும்பாலான குழுக்களில் இப்படி ஒரு சின்ன லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் தொகுப்பு) இருக்கும்: யாரோ எழுதியிருப்பார், எல்லாரும் பயன்படுத்துவார்கள், எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நெட்வொர்க் ஒரு நிமிடம் தடுமாறினால் போதும், அதன் குணம் வெளியே வந்துவிடும். அந்த லைப்ரரி இப்போது உங்கள் தலையில் விழுந்திருந்தால், உங்கள் அறிகுறி கீழே எங்கே இருக்கிறது என்று பார்த்து நேராக அங்கே போங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே லைப்ரரியை வைத்துக்கொள்வோம். பேருந்து நிறுத்த எண்ணைக் கொடுத்தால் அடுத்த பேருந்துகள் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும். தரவைச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற இணையத் தரவுச் சேவையிலிருந்து எடுக்கும். மொழி பைத்தான். வேறு மொழிக்காரர்களுக்கும் அங்கங்கே குறிப்பு உண்டு.

அறிகுறி: எர்ரர் எதுவும் இல்லை, ஆனால் விடை தப்பு

இருப்பதிலேயே மோசமானது இதுதான். மற்ற அறிகுறிகளில் ஏதோ ஒன்று உடைந்திருப்பதாவது தெரியும். இங்கே லாக் (நிகழ்வுப் பதிவு) சுத்தமாக இருக்கும், டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், பயனர் மட்டும் திட்டிக்கொண்டிருப்பார்: "பஸ் இல்லைன்னு ஆப் காட்டுது அண்ணே, ஆனா பஸ் என் கண்ணு முன்னாடி நிக்குது."

முதல் வேலையாக லைப்ரரி முழுவதும் 'எக்ஸெப்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள்; எக்ஸெப்ஷனை, அதாவது ஓடும்போது எழும் பிழை அறிவிப்பை, பிடிக்கும் இடம் அது. அதற்கு அடுத்த வரியில் 'பாஸ்' (எதுவும் செய்யாதே) இருக்கிறதா, அல்லது வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே உட்காருங்கள்.

நம் பேருந்து லைப்ரரி வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தர நான்கு காரணங்கள் இருக்கலாம். இரவு கடைசிப் பேருந்தும் போய்விட்டது. நிறுத்த எண் தவறு. நம் அக்கவுண்ட் கீயை (சேவைக்குள் நுழையும் சாவி) டேட்டாமால் ஏற்கவில்லை. அல்லது இணைப்பே கிடைக்கவில்லை. இவற்றில் முதலாவது மட்டும்தான் உண்மையான விடை. மற்ற மூன்றும் தோல்விகள். நான்கையும் ஒரே வெற்றுப் பட்டியலாகத் தருவது, கோப்பி தீர்ந்துவிட்டது என்று சொல்லாமல் வெறும் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் போகும் கடைக்காரர் செய்யும் வேலை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே இருக்கும் ஆப் என்ன முடிவெடுக்கும்? மறுபடி முயலவா, பயனரிடம் எண்ணைச் சரிபார்க்கச் சொல்லவா, நம் ஆளை எழுப்பவா? மூன்றுக்கும் வேண்டிய தகவலை லைப்ரரி விழுங்கிவிட்டது.

திருத்தம்: முதல் காரணத்துக்கு வெற்றுப் பட்டியலே சரி, விட்டுவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் தனித்தனி எக்ஸெப்ஷன் வகை வையுங்கள். மூன்றையும் ஒரே தாய் வகையின் கீழ் கொண்டுவாருங்கள். விவரம் வேண்டியவர் தனியாகப் பிடிக்கட்டும், வேண்டாதவர் தாய் வகையைப் பிடித்துக்கொள்ளட்டும். நிறுத்த எண் வடிவத்தில் சரியாக இருந்து, அப்படி ஒரு நிறுத்தமே இல்லை என்றால்? நிறுத்தங்களின் முழுப் பட்டியலும் டேட்டாமாலில் கிடைக்கிறது, ஒரு அழைப்புக்கு 500 பதிவுகளாக. அதை எடுத்து வைத்துக்கொண்டு, கேள்வி அனுப்பும் முன்பே ஒப்பிட்டுவிடலாம்.

இப்போது அந்தக் கண் முன்னால் நிற்கும் பஸ்ஸுக்கு வருவோம். டேட்டாமால் ஒவ்வொரு பேருந்துத் தட எண்ணுக்கும் அடுத்த மூன்று பேருந்துகளின் நேரத்தைத் தரும். மூன்றாவது பேருந்தே இல்லை என்றால் அந்த நேரம் வெறும் காலி ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடர்) வரும். காலி ஸ்ட்ரிங்கை நேரமாக மாற்றப் போனால் பைத்தான் வேல்யூ எர்ரர் எழுப்பும். அது நியாயம்தான். ஆனால் எழுதியவர் மூன்று பேருந்தையும் சுற்றும் முழு லூப்பையும் ஒரே 'ட்ரை'க்குள் (பிழை எழலாம் என்று எதிர்பார்த்து ஓட்டும் பகுதி) போட்டிருப்பார். மூன்றாவது பேருந்து கிடைக்காததால், ஒழுங்காகக் கிடைத்த முதல் இரண்டும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். இரவு நேரத்தில்தான் இது அதிகம் வரும் என்பதால் பகலில் சோதிக்கிறவருக்குக் கண்ணிலேயே படாது.

ஆகவே 'ட்ரை' எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எந்த ஒரு வரி தோற்கலாம் என்று எதிர்பார்க்கிறோமோ அந்த வரியைச் சுற்றி மட்டும் அது இருக்க வேண்டும். நாற்பது வரி நீள 'ட்ரை' எதைப் பிடிக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. இங்கே இன்னும் எளிய வழி, காலி ஸ்ட்ரிங்கை எர்ரராகவே கருதாமல் 'பேருந்து இல்லை' என்று முன்கூட்டியே பிரித்துவிடுவது. எதிர்பார்த்த ஒன்றுக்கு எக்ஸெப்ஷன் எதற்கு?

அடுத்த சந்தேகம், முன்னால் நிற்கும் பூஜ்யம். பேருந்து நிறுத்த எண் ஐந்து இலக்கம், 01012 போலப் பூஜ்யத்தில் தொடங்குவதும் உண்டு. அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். மரினா பே சேண்ட்ஸ் 018956. யாராவது இதை முழு எண்ணாக மாற்றிவிட்டாலோ, எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டாலோ பூஜ்யம் காணாமல் போகும். பலர் லைப்ரரிக்குள்ளேயே பூஜ்யத்தை ஒட்டி 'சரி' செய்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 1012 என்று வந்தது 01012-ஆகவும் இருக்கலாம், கடைசி இலக்கத்தை அடிக்க மறந்த வேறொரு எண்ணாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் நீங்கள் வேறு நிறுத்தத்தின் நேரத்தை முழு நம்பிக்கையோடு காட்டுவீர்கள். எண் வகை வந்தால் மறுத்துவிடுங்கள், ஸ்ட்ரிங்காகக் கேளுங்கள்.

மூன்றாவது சந்தேகம், தோல்வியைச் சொல்ல ஒரு சாதாரண மதிப்பையே பயன்படுத்துவது. பைத்தானில் ஸ்ட்ரிங்கின் 'ஃபைன்ட்' தேடியது கிடைக்காவிட்டால் மைனஸ் ஒன்று தரும். பைத்தானில் மைனஸ் ஒன்று செல்லுபடியாகும் இண்டெக்ஸ் (இட எண்), கடைசி எழுத்தைக் குறிக்கும். எனவே தேடல் தோற்றும் புரோகிராம் கூசாமல் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டு நடக்கும். கட்டாயம் இருக்க வேண்டியதைத் தேடும்போது 'இண்டெக்ஸ்' மெத்தடைப் பயன்படுத்துங்கள், கிடைக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எழுப்பும். சி மொழியில் இதே வியாதி ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் 'ஏடுஐ' (atoi) ஃபங்ஷனுக்கு: எண்ணே இல்லாத ஸ்ட்ரிங்குக்கும் 0, உண்மையான "0"-க்கும் 0. 'எஸ்டிஆர்டுஎல்' (strtol) எந்த எழுத்தில் நின்றது என்று தனியே சொல்லும், அதற்கு மாறிவிடுங்கள்.

நேரக் கணக்கு பார்க்கும் லைப்ரரி என்றால் சிங்கப்பூருக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்கு இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி நேராக 1982-க்குள் போனார்கள். அன்று இரவு 11.45 என்ற நேரம் சிங்கப்பூரில் நடக்கவே இல்லை. அந்த நேரத்தைக் கொடுத்தால் பைத்தானின் 'ஸோன்இன்ஃபோ' முணுமுணுக்காமல் ஏதோ ஒரு விடை தரும். 'பாண்டாஸ்' லைப்ரரியில் நேரமண்டலம் சேர்க்கப் போனால் இயல்பாகவே எக்ஸெப்ஷன் எழும். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறவருக்கு இரண்டாவதுதான் நண்பன். பேருந்து ஆப்புக்கு இது தேவையில்லை, சரி, மேலே போவோம்.

அறிகுறி: சம்பந்தமே இல்லாத இடத்தில் 'நன்டைப்' எர்ரர்

எர்ரர் விழுந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடியும்வரை பார்க்கலாம். அந்த வரியில் தவறு இருக்காது. மூன்று ஃபங்ஷனுக்கு முன்னால் ஏதோ ஒன்று தோற்று, சொல்லாமல் 'நன்' (None, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) கொடுத்திருக்கிறது. அது கை மாறி, கை மாறி, கடைசியில் யாரோ அதைத் திறந்து பார்த்தபோது வெடித்திருக்கிறது. 'நன்' பிறந்த இடத்தைத் தேடுங்கள். எக்ஸெப்ஷனை அங்கே எழுப்புங்கள்.

'நன்' தரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 'இல்லை' என்பதே ஒரு இயல்பான விடையாக இருக்கும் இடத்தில் அது நல்லதுதான். ஒரே ஃபங்ஷன் ஒரு நாள் பட்டியல், ஒரு நாள் 'நன்', ஒரு நாள் 'ஃபால்ஸ்' என்று தந்தால்தான் அழைப்பவர் பைத்தியமாவார்.

கூடவே வரும் இன்னொரு கோளாறு: லைப்ரரி உள்ளே வந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து, 'தரவு கிடைக்கவில்லை' என்று தன் சொந்த எக்ஸெப்ஷனை எழுப்பும். பழைய விவரம் எங்கே? பைத்தான் 3-இல் 'ரெய்ஸ்' வரியின் கடைசியில் 'ஃப்ரம்' போட்டுப் பழைய எக்ஸெப்ஷனைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்தே அச்சாகும், எது எதற்குக் காரணம் என்பதும் தெரியும். 'ஃப்ரம் நன்' என்று போட்டிருந்தால் பழையது மறைக்கப்படும். யாரோ அழகுக்காகச் செய்த அந்த வேலையைத்தான் இப்போது நீங்கள் அனுபவிக்கிறீர்கள். கோ மொழியில் 2019-இல் வந்த 1.13 பதிப்பிலிருந்து எர்ரரை இன்னொரு எர்ரருக்குள் சுற்றி வைத்து, பிறகு 'எர்ரர்ஸ் டாட் இஸ்', 'எர்ரர்ஸ் டாட் ஆஸ்' கொண்டு உள்ளே இருப்பதைக் கேட்கலாம். ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டருக்கே மூலக் காரணத்தைக் கொடுத்துவிடலாம். வசதி எல்லா இடத்திலும் இருக்கிறது, சோம்பல்தான் தடை.

எர்ரர் செய்தியின் வாசகத்தையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். 'தவறான உள்ளீடு' என்பது செய்தியே இல்லை. 'பேருந்து நிறுத்த எண் 5 இலக்க ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டும்; வந்தது 1012, வகை முழு எண்' என்றால் படித்த அடுத்த நிமிடம் திருத்திவிடலாம்.

அறிகுறி: கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்கவில்லை

வகை குறிப்பிடாத வெறும் 'எக்ஸெப்ட்' இருக்கிறது, அதுவும் ஒரு லூப்புக்குள். அது கீபோர்ட் இண்டரப்ட்டையும் (கண்ட்ரோல்-சி எழுப்பும் எக்ஸெப்ஷன்) சேர்த்துப் பிடித்துவிடும். குறைந்தது 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்றாவது மாற்றுங்கள். 2006-இல் வந்த பைத்தான் 2.5-இலிருந்து நிறுத்தல் கட்டளைகள் அந்த வகைக்கு வெளியே இருக்கின்றன. பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் 'அசிங்க்ஐஓ'வின் ரத்துக் கட்டளையும் 3.8-இல் அப்படி வெளியே போய்விட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் ஓடும் பழைய சர்வர் என்றால் அதைத் தனியே பிடித்து மீண்டும் எழுப்ப வேண்டும்.

அறிகுறி: தொங்கிக்கொண்டே இருக்கிறது

இணையத்தில் தரவு கேட்கும் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரிக்கு இயல்பில் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் அது காத்திருக்கும், எவ்வளவு நேரமானாலும். இணைவதற்கு ஒன்று, படிப்பதற்கு ஒன்று என இரண்டு எண்களைக் கொடுங்கள். பலர் கவனிக்காத விஷயம்: படிப்பதற்கான டைம்அவுட் மொத்த நேரத்துக்கு அல்ல, சர்வரிடமிருந்து எதுவும் வராமல் இருக்கும் இடைவெளிக்கு. சொட்டுச் சொட்டாகத் தரவு அனுப்பும் சர்வர் அந்த எல்லையைத் தொடாமலே உங்களை நாள் முழுக்கப் பிடித்து வைக்கலாம். மொத்த நேரத்துக்கு வரம்பு வேண்டுமென்றால் அதை நீங்களே தனியாகக் கட்ட வேண்டும். எத்தனை வினாடி என்பதை லைப்ரரிக்குள் புதைக்காமல், ஒரு நல்ல இயல்பு மதிப்போடு அழைப்பவர் மாற்றும்படி வெளியே வையுங்கள். நிறுத்தத்தில் நிற்கிறவர் ஐந்து வினாடிக்கு மேல் பொறுக்க மாட்டார்; இரவில் ஓடும் அறிக்கைக்கு ஒரு நிமிடமும் பரவாயில்லை. இந்த வித்தியாசம் லைப்ரரிக்குத் தெரிய வழியில்லை.

அறிகுறி: சேவை தடுமாறினால் நம் லைப்ரரி அதை மேலும் அமுக்குகிறது

மறுமுயற்சியில் கோளாறு. எத்தனை அடுக்கு மறுபடி முயல்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஹெச்டிடிபி அடுக்கு மூன்று முறை, அதன் மேல் நம் லைப்ரரி மூன்று முறை, அதன் மேல் ஆப் மூன்று முறை என்றால் ஒரு கேள்வி 27 அழைப்பாகிறது. ஒரே அடுக்கு மட்டும் முயலட்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் கொஞ்சம் குலுக்கலும் (தற்செயலான ஏற்ற இறக்கம்) சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா வாடிக்கையாளரும் ஒரே வினாடியில் திரும்பி வருவார்கள். 429 (அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்) வந்தால் 'ரிட்ரை-ஆஃப்டர்' ஹெடர் இருக்கிறதா என்று பார்த்து, அது சொல்லும் நேரம்வரை பொறுங்கள்.

401-க்கு (அனுமதி இல்லை) மறுமுயற்சி வேண்டாம். கீ தவறு என்றால் பத்தாவது முறையும் தவறுதான். பணம் அனுப்புவது போன்ற வேலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முயலவே கூடாது: பதில் வரவில்லை என்பதற்கு வேலை நடக்கவில்லை என்று பொருள் அல்ல. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாளச் சாவி அனுப்பி, அதே சாவி மறுபடி வந்தால் சேவை இரண்டாவதாகச் செய்யாமல் பழைய விடையையே தரும் ஏற்பாடு இருந்தால் மட்டும் முயலுங்கள்.

அறிகுறி: லைப்ரரியில் சின்னக் கோளாறு, ஆப் மொத்தமும் சாய்கிறது

'சிஸ் டாட் எக்ஸிட்' என்று தேடுங்கள். கோ என்றால் 'லாக் டாட் ஃபேட்டல்'. அது 'டிஃபர்' செய்த (கடைசியில் ஓட ஒத்திவைத்த) சுத்தம் எதையும் ஓடவிடாமல் ப்ராசஸையே முடித்துவிடும். ரஸ்ட் என்றால் 'அன்ராப்', எர்ரர் இருந்தால் அங்கேயே கவிழும். கமாண்ட் லைன் கருவியாகப் பிறந்து பிறகு லைப்ரரியான கோடில் இவை அப்படியே தங்கிவிடும். சாவதா பிழைப்பதா என்பது ஆப் எடுக்க வேண்டிய முடிவு. எல்லாவற்றையும் எர்ரராக மாற்றி மேலே அனுப்புங்கள்.

இதற்கு மென்பொருள் உலகில் பேர்போன விபத்து ஒன்று இருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று முதன்முதலாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், எஞ்சின் தொடக்க வரிசை ஆரம்பித்துச் சுமார் 37 வினாடியில் வழிகாட்டலை இழந்து சிதறியது. கிடைவேகம் தொடர்பான ஒரு 64-பிட் தசம எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளவில்லை, எக்ஸெப்ஷன் எழுந்தது, அந்த இடத்தில் பிடிப்பார் இல்லை. ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்த கோட் அது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததில்லை. எக்ஸெப்ஷன் வந்தால் கணினி நின்றுவிட வேண்டும் என்பதே வடிவமைப்பு. மாற்றுக் கணினியிலும் அதே மென்பொருள், எனவே அதுவும் அதே காரணத்தால் நின்றது. நின்ற கருவி அனுப்பிய பிழைத் தகவலை மேலே இருந்த கணினி பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று. கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள்: பிழையை எண்ணாகப் படித்தது. முதல் அறிகுறியில் பார்த்த அதே மைனஸ் ஒன்று வியாதிதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உள்ளீட்டைச் சரிபார்க்க 'அசெர்ட்' (இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்னும் சோதனை வரி) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பைத்தானை ஓ கொடியோடு (-O) ஓட்டினால் எல்லா 'அசெர்ட்'டும் மறைந்துவிடும், சரிபார்ப்பும் கூடவே போய்விடும்.

அறிகுறி: ஒரு முறை தோற்றால் அதன் பிறகு எல்லாமே தோற்கிறது

தோல்வி வந்தபோது கையில் வைத்திருந்ததைக் கீழே வைக்காமல் ஓடியிருக்கிறது: திறந்த ஃபைல், போட்ட பூட்டு, பாதி எழுதிய கேஷ் (தற்காலிகச் சேமிப்பு). 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். 'வித்' அல்லது 'ஃபைனலி' இல்லாமல் திறக்கும் இடங்களைத் தேடுங்கள். கேஷ் ஃபைலை நேரடியாக எழுதாமல், அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலில் எழுதி முடித்துப் பிறகு 'ஓஎஸ் டாட் ரீப்ளேஸ்' கொண்டு பெயர் மாற்றுங்கள். நடுவில் செத்தாலும் பழைய ஃபைல் முழுதாக இருக்கும்.

அறிகுறி: சரியான எண்ணையே தவறு என்கிறது

அடையாள எண்ணைச் சரிபார்க்கும் லைப்ரரிகளில் பார்க்கலாம். இங்கே முன்னெழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் சரிபார்ப்பு எழுத்து என்பது வடிவம். எஸ், டி, எஃப், ஜி ஆகிய நான்கு முன்னெழுத்துகளை மட்டும் வைத்து எழுதிய கோட், வெளிநாட்டினருக்கான ஃபின் எண்ணில் 2022 ஜனவரி 1 முதல் எம் வரிசை வந்ததும் புதியவர்களை எல்லாம் 'தவறான எண்' என்று திருப்பி அனுப்பும். 'சரிபார்ப்பு எழுத்து ஒத்துப்போகவில்லை' என்பதும் 'இந்த வரிசை எனக்குத் தெரியாது' என்பதும் வேறு வேறு விடைகள். ஆம், இல்லை என்ற இரண்டே பதில் தரும் ஃபங்ஷனால் இரண்டாவதைச் சொல்லவே முடியாது. மூன்றாவது விடைக்கு இடம் கொடுங்கள்.

அறிகுறி: லாக்கில் அடையாள எண் கிடக்கிறது, அதுவும் ஐந்து தடவை

எண் அங்கே வந்ததற்குக் காரணம், உள்ளே வந்த மதிப்பையும் எர்ரர் செய்தியில் போடச் சொன்ன என் முந்தைய அறிவுரைதான். பேருந்து நிறுத்த எண்ணுக்கு அது சரி. ஆள் விவரத்துக்கு நீளத்தையும் முன்னெழுத்தையும் மட்டும் சொல்லுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஒருவர் யார் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவைப்பட்டாலோ தவிர, அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கவே கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டியிருக்கிறது. லாக் ஃபைலில் சேர்த்துவைப்பதும் சேகரிப்புதான்.

ஐந்து தடவை வந்தது, ஒவ்வொரு அடுக்கும் லாக் எழுதிவிட்டு அதே எக்ஸெப்ஷனை மேலே அனுப்புவதால். லைப்ரரி எழுப்பட்டும், ஆப் லாக் எழுதட்டும். லைப்ரரிக்கும் லாக் வேண்டுமென்றால் 'நல் ஹாண்ட்லர்' (தானாக எதையும் எழுதாத லாக் கருவி) சேர்த்துவிட்டு அமைப்பை ஆப்பிடம் விடுங்கள்.

திருத்தியாயிற்று, மூடும் முன்

தோல்வியை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். லைப்ரரி பேசும் முகவரியை யாரும் கேட்காத ஒரு போர்ட்டுக்கு மாற்றுங்கள். கீயில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். சேமித்து வைத்த ஒரு பதிலில் மூன்றாவது பேருந்தின் நேரத்தைக் காலியாக்கி ஊட்டுங்கள். லினக்ஸில் '/டெவ்/ஃபுல்' என்ற ஃபைலுக்கு எழுதச் சொன்னால் வட்டு நிரம்பிய எர்ரர் இலவசமாகக் கிடைக்கும். சி மொழியில் அந்த எர்ரர் எழுதும்போது வராமல் 'எஃப்குளோஸ்' செய்யும்போதுதான் வரலாம், அதன் விடையையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எந்த எக்ஸெப்ஷன் வகை வர வேண்டும் என்று டெஸ்ட் எழுதுங்கள். வாசகத்தை வைத்து எழுத வேண்டாம், நாளைக்கு யாராவது ஒரு சொல்லைத் திருத்தினாலும் உடையும். ஏற்கெனவே வாசகத்தைப் படித்து முடிவெடுக்கும் ஆப் ஏதாவது உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டுவிட்டு, அவர்களுக்குப் புதிய வகைகளின் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள்.